உள்ளூர் கேபிளில் நாடகம்: எழுதாத வசனமும் ஒற்றைக் கேமராவும்

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில், எழுதிவைத்த வசனமோ ஒத்திகையோ இல்லாமல் உள்ளூர் நாடகங்களை எப்படி எடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோதும், அதன் ஒளிபரப்பு நெடுங்காலம் காவிரி டெல்டாவுக்கு எட்டவில்லை. 1982இல் இலங்கை அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்த பிறகு நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்து இலங்கை நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்கள் பலர். எங்கள் ஊர் முகங்கள் எங்கள் வீட்டுத் திரையில் தெரியத் தொடங்கியது 1990களின் முற்பகுதியில், கேபிள் வந்த பிறகுதான். மயிலாடுதுறைப் பக்கம் அப்படி ஒரு கேபிள் நிலையத்துக்கு, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாடகம் எடுத்துக் கொடுத்தேன்.

வசனம் எழுதப்படாததற்குச் சோம்பல் காரணமன்று. எங்களுக்குக் கிடைத்த நடிகர்களில் பெரும்பாலோர் ஸ்பெஷல் நாடகத்தில் பழகியவர்கள். அந்த மரபில் நாயகனான ராஜபார்ட்டும் நாயகியான ஸ்திரீபார்ட்டும் கோமாளியான பபூனும் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக அமர்த்தப்பட்டு, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவு மேடையிலேயே ஒன்றுசேர்வார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் கதைப்போக்கும் எல்லோருக்கும் பொது. இடையில் வரும் பேச்சு அவரவர் சாமர்த்தியம். வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கம், இருவரும் சளைக்காதவர்களாக இருந்தால், விடிய விடிய நீளும்.

அந்தச் சாமர்த்தியத்தைக் கேசட்டுக்குள் அடக்குவதுதான் எங்கள் வேலை. கேமரா ஒன்றுதான். விஎச்எஸ் வீடியோ கேசட்டை ஒருமுறை நகலெடுத்தாலே நிறமும் தெளிவும் குறைந்துவிடும் என்பதால், தனியே எடிட்டிங் செய்யாமல், கேமராவிலேயே பதிவை இடைநிறுத்தும் பாஸ் (pause) பட்டனை அழுத்தி நிறுத்திக் காட்சிகளை வரிசையாகக் கோத்தோம். பாஸில் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களுக்கு மேல் வைத்தால், டேப் தேயாமலிருக்கக் கேமரா தானாகவே அதைத் தளர்த்திவிடும். பிறகு தொடர்ந்தால் ஒட்டும் இடத்தில் படம் கலங்கும். ஆகவே அதற்குள், அடுத்த காட்சியை யார் எந்தச் சொல்லில் முடிப்பார், அந்தச் சொல்லைக் கேட்டு யார் உள்ளே வருவார் என்பதை மட்டும் பேசிவைத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் கேமரா ஓடும்போது பிறந்ததுதான்.

வாய்க்கால் தண்ணீருக்காக அண்ணன் தம்பி மோதும் ஒரு நாடகத்தை வயல்வெளியில் எடுத்தபோது, பக்கத்து வயலில் பம்புசெட் ஓடத் தொடங்கிவிட்டது. கேமராவின் மைக்கில் வசனம் எதுவும் விழாது என்று நான் நிறுத்தப்போன நொடியில், அண்ணனாக நடித்தவர் தம்பியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, "ஆத்துல தண்ணி வராத வருஷத்துல மோட்டார் வச்சிருக்கவன் பொழச்சுக்கறான், நீயும் நானும் மடையில நின்னு அடிச்சுக்கறோம்" என்று உரக்கச் சொன்னார். தம்பியின் கையிலிருந்த மண்வெட்டி தாழ்ந்தது. நாடகத்தின் சிறந்த காட்சி அதுதான் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். மேட்டூர் திறக்குமா என்று ஆண்டுதோறும் காத்திருப்பவரின் வாயில்தான் அந்தச் சொற்கள் அந்த நேரத்தில் வரும்.

இந்த நாடகங்களுக்குக் கையெழுத்துப் பிரதியே கிடையாது என்பதால், கேசட் போனால் நாடகமும் போயிற்று. வீட்டுப் பரணில் அக்காலக் கேசட் இருப்பவர்கள், பூஞ்சை படிந்திருந்தால் நேரே வீடியோ டெக்கில் போடாமல், முதலில் டேப்பைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.