கூன்வண்டுப் பொறியைத் தென்னையிலேயே கட்டலாமா?

கேள்வி: பேராவூரணிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 2018 கஜா புயலில் முக்கால்வாசி மரம் போய்விட்டது. மறுவருடம் வைத்த தென்னம்பிள்ளைகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. தென்னைத் தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டுக்காக, வாசனையால் வண்டை இழுத்து வாளியில் விழவைக்கும் இனக்கவர்ச்சிப் பொறி இரண்டு வாங்கி, தோப்பின் நடுவில் தென்னை மரத்திலேயே கட்டினேன். முதல் வாரம் இருபதுக்கு மேல் வண்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. மூன்றாவது மாதம், பொறிக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு மரங்களில் குருத்து சாய்ந்துவிட்டது. பொறிதான் வண்டை வரவழைத்ததா? கழற்றிவிடட்டுமா?

பதில்: ஐயா, கஜாவுக்குப் பிறகு தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த பிள்ளை குருத்து சாய்ந்து நிற்பதைப் பார்ப்பது எவ்வளவு வேதனை என்று தெரியும். உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. பொறி வண்டை வரவழைக்கத்தான் செய்யும், அதற்குத்தான் அதை வைக்கிறோம். வந்த வண்டு வாளிக்குள் விழாமல் வெளியே தங்கியதுதான் கோளாறு. கழற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள்.

முதலில் அந்த வாசனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து விளங்கும். பூச்சிகள் தங்கள் இனத்தோடு பேசுவதே வாசனையால்தான். 1959-இல் ஜெர்மனியில் பூட்டனான்ட் என்ற வேதியியலாளர் பட்டுப்பூச்சியில் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். அங்கே பெண் அந்துப்பூச்சி வாசனை விட, ஆண் தேடி வரும். கத்தரிக்காய்த் தோட்டத்தில் காய்ப்புழுவுக்கு வைக்கும் பொறியும் அந்த வகைதான், அதில் ஆண் மட்டுமே விழும்.

கூன்வண்டின் கதை வேறு. இங்கே வாசனை விடுவது ஆண். ‘இங்கே நல்ல தீனி இருக்கிறது, வாருங்கள்’ என்று கூட்டம் சேர்க்கிற வாசனை அது. ஆணும் வரும், பெண்ணும் வரும், பெண்தான் அதிகம் வரும். நாம் இனக்கவர்ச்சிப் பொறி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் இந்த வித்தியாசம் பெரியது. ஒரு பெண் வண்டு 200 முட்டைக்கு மேல் இடும். அது வாளியில் விழுந்தால் அத்தனை புழுவும் வராமலே போகும். வாளிக்கு வெளியே தங்கினால், பக்கத்தில் இருக்கும் இளம் தென்னைதான் அதற்கு வீடு.

முதல் வாரம் விழுந்து பிறகு நின்றுபோனது எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்கிறது. வாளியைத் திறந்து பாருங்கள். அடியில் தண்ணீர் வற்றி, போட்ட பழமோ கரும்போ காய்ந்து சக்கையாகக் கிடக்கும் என்று நினைக்கிறேன். மூடிக்கு அடியில் தொங்கும், அந்த வாசனை அடைத்த மருந்துப் பாக்கெட் மட்டும் மணந்துகொண்டே இருக்கும். அது தூரத்திலிருந்து வண்டை அழைக்கும், அவ்வளவுதான். வாளிக்குள் இறங்க வைப்பது புளித்த தீனியின் வாடை. அதுவும் இல்லை, மூழ்கடிக்கத் தண்ணீரும் இல்லை என்றால், வண்டு ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். காய்ந்த பொறி, பொறி இல்லாததைவிட மோசம்.

சரி, எப்படி வைக்க வேண்டும்? தோப்பின் ஓரத்தில், தென்னையிலிருந்து தள்ளி, வேம்பு போன்ற வேறு மரத்திலோ நட்ட கம்பிலோ இடுப்பு அல்லது நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். நிழல் வேண்டும், வெயில் பட்டால் மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். இரண்டரை ஏக்கருக்கு ஒரு பொறி என்பது பரவலான கணக்கு, உங்களிடம் இருக்கும் இரண்டே போதும். வாளியின் வெளிப்புறம் வழவழப்பாக இருந்தால் கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். இந்த வண்டு பெரும்பாலும் நேராக ஓட்டைக்குள் பறந்து போகாது, வாளியின் மேல் வந்து உட்கார்ந்து, சொரசொரப்பைப் பிடித்து ஏறித்தான் உள்ளே போகும்.

உள்ளே தண்ணீரோடு நசுக்கிய கரும்புத் துண்டு, அன்னாசித் தோல், கனிந்த வாழைப்பழம், எது கிடைக்கிறதோ அது. ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டால் சீக்கிரம் புளிக்கும். வாரம் ஒருமுறை தண்ணீரைப் பாருங்கள், கோடையில் இரண்டு முறை. தீனியைப் பத்து நாளைக்குள் மாற்றிவிடுங்கள். பூச்சிமருந்து தொட்ட கையோடு பாக்கெட்டைத் தொட வேண்டாம்.

வாளியைக் கொட்டும்போது வண்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். நீண்ட மூக்கின் மேல் மீசை மாதிரி முடி இருந்தால் ஆண், மொழுமொழுவென்று இருந்தால் பெண். எண்ணி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் சுற்றுவட்டாரத்தில் எங்கோ ஒரு மரம் உள்ளுக்குள் அழிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துத் தோப்புக்காரரையும் கூட்டிப் போய்த் தேடுங்கள்.

இனி அந்த இரண்டு மரங்கள். பழி முழுவதையும் பொறியின் மேல் போட எனக்கு மனமில்லை. புழு ஒரு மாதத்துக்கு மேல் தண்டுக்குள் தின்கிறது, குருத்து சாய்வது கடைசிக் கட்டம். பொறி கட்டுவதற்கு முன்பே அவற்றில் புழு இருந்திருக்கவும் கூடும். இனி அவை பிழைக்காது. வெட்டி, தண்டைப் பிளந்து, புழுவையும் நாரைச் சுற்றிக் கட்டிய கூட்டுப்புழுவையும் பொறுக்கி அழித்து, பிளந்த தண்டை எரித்துவிடுங்கள். வெட்டி அப்படியே போட்டுவைத்தால் அங்கிருந்தே வண்டு கிளம்பும்.

அவற்றைச் சுற்றியுள்ள மரங்களை இன்றைக்கே பாருங்கள். தண்டில் ஓட்டை, அதில் செம்பழுப்பு நீர் வடிதல், மென்று தள்ளிய நார், உள்மட்டை மஞ்சளாவது. காதைத் தண்டில் வைத்தால் நறநறவென்று கேட்கும். இந்த நிலையில் காப்பாற்றலாம், ஆனால் மருந்தும் அளவும் மரத்தை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரை அழைத்துக் காட்டுங்கள். தண்டுக்குள் இருக்கும் புழுவைப் பொறி ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, கூன்வண்டு காயத்தின் வழியாகத்தான் நுழைகிறது. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டோடு ஒட்ட வெட்டாமல் நாலடி விட்டு வெட்டுங்கள். குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டும் அதற்கு வழி திறந்துவிடுகிறது. ஓலை விரியும்போது கத்தரித்த மாதிரி முக்கோண வெட்டு தெரிந்தால் அதன் வேலைதான். அதற்கு வேறு மருந்துப் பாக்கெட், கூன்வண்டுப் பாக்கெட்டுக்கு அது வராது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வையுங்கள். கஜாவில் விழுந்த கட்டை இன்னும் மக்கிக் கிடந்தால் புரட்டிப் பாருங்கள், எருக்குழியையும் கிளறுங்கள். வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த புழு அந்தக் காண்டாமிருக வண்டினுடையது. பொறுக்கிப் போட்டால் கோழிகளே தின்று தீர்த்துவிடும்.