வீட்டில் இருந்தபடி நாவல் எழுதுவது: கேள்விகளும் பதில்களும்

நாவல் எழுதுகிறவர்களும் எழுத ஆசைப்படுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் வீட்டு வாழ்க்கையையும் அன்றாட வேலையையும் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். எனக்கு ஊர் பாளையங்கோட்டை. வேறு உத்தியோகம் கிடையாது. கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். பீடி சுற்றும் பெண்களைப் பற்றிய என் நாவலைப் படித்துவிட்டுக் கேட்டவர்களும் உண்டு.

அக்கா, உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்? எழுந்ததும் எழுத உட்கார்ந்துவிடுவீர்களா? (கல்லூரி மாணவி, திருச்சி)

ஆமாம் தங்கச்சி, நாலரை மணிக்கு. ஆறு மணி வரை வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். புதிதாக எழுதுவதெல்லாம் அந்த நேரத்தில்தான். அப்புறம் பால், காபி, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை என்று வீடு ஆரம்பித்துவிடும். பதினொரு மணிக்கு மேல் மறுபடி உட்காருவேன். அப்போது புதிதாக ஒரு வரிகூட எழுதுவதில்லை. காலையில் எழுதியதைத் திருத்துவது, தட்டச்சு செய்வது, எந்த அத்தியாயத்தில் யாருக்கு என்ன வயது என்று குறித்து வைப்பது, இப்படி. களைப்பாக இருந்தாலும் செய்ய முடிகிற வேலைகளைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டால், தெளிவாக இருக்கும் கொஞ்ச நேரமும் எழுத்துக்கே மிஞ்சும்.

எழுதாத நேரத்திலும் நாவல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு பெண் தன் அண்ணனிடம் என்ன பதில் சொல்வாள் என்பது எனக்குப் பல தடவை குழம்பு கொதிக்கும்போதுதான் பிடிபட்டிருக்கிறது. அதற்காகவே அடுப்படி ஜன்னலில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கிடக்கும். ஈரக்கை பட்டாலும் பென்சில் எழுத்து கலையாது.

வங்கியில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வர ராத்திரி எட்டாகிவிடும். வேலையை விட்டால்தான் நாவல் எழுத முடியுமா? (ஈரோடு)

வேண்டாம் தம்பி, விடாதீர்கள். நாவல் என்ற வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரே அரசு உத்தியோகம் பார்த்தவர்தான். 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர்.

வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஆந்தனி டிரோலப்பைப் பற்றி. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் துறை அதிகாரி. 47 நாவல்கள் எழுதினார். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். எதிரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் அரை மணி நேரம் அவர் எதுவும் எழுத மாட்டார். முந்தைய நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பார். நாவலுக்கு வேண்டியது இந்தத் தொடர்ச்சிதான். சிறுகதையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நாவலில் பத்து நாள் இடைவெளி விட்டால் பாத்திரங்களின் குரல் காதில் இருந்து போய்விடும், அதைத் திரும்பப் பிடிக்கவே ஒரு வாரம் ஆகும்.

அதனால் எழுத முடியாத நாளிலும் கோப்பைத் திறந்து கடைசி இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டுத் தூங்குங்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் செல்போனிலேயே படிக்கலாம். ஒரு பத்தி எழுத வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் பரவாயில்லை. படிக்காமல் மட்டும் விடாதீர்கள்.

எழுதுவதை ஒரு வேலை என்றே என் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை அக்கா. “சும்மாதானே உட்கார்ந்திருக்கே, இந்தக் கீரையை ஆய்ஞ்சு குடு” என்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பையன் இருக்கிறான். என்ன செய்ய? (இல்லத்தரசி, மதுரை)

வந்ததிலேயே எனக்கு மிக நெருக்கமான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுதுகிறவள் சும்மா உட்கார்ந்திருப்பது போலத்தான் வெளியே தெரியும். தையல் மெஷினில் உட்கார்ந்தால் சத்தம் கேட்கும், சாயங்காலம் ஜாக்கெட் கையில் இருக்கும். நாவலில் அப்படி எடுத்துக் காட்ட வருடக்கணக்கில் எதுவும் இருக்காது. அதனால் வீட்டார் தாமாகப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருக்காதே. வாயைத் திறந்து சொல்: “மத்தியானம் இரண்டு முதல் மூன்று வரை நான் எழுதுவேன். வீடு பற்றி எரிந்தால் மட்டும் கூப்பிடுங்கள்.” குறிப்பிட்ட நேரமாக இருக்க வேண்டும், தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும். “நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்” என்றால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும். நீ ஒரு நாள்கூடத் தவறாமல் உட்கார்ந்தால் அவர்களே அதைச் சுற்றித் தங்கள் வேலையை வைத்துக்கொள்வார்கள். என் மாமியார் இப்போது போனில் பேசுகிறவர்களிடம் “அவ எழுதிட்டு இருக்கா, அப்புறமா கூப்பிடுங்க” என்று சொல்கிறார்.

அடுத்தது, உதவியை உதவி என்று பெயர் சொல்லிக் கேள். டிரோலப் தன்னைக் காலையில் காபியோடு எழுப்பிவிட்ட வயதான குதிரைக்காரருக்கு வருடம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று சுயசரிதையிலும் எழுதினார். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ கைப்பிரதியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுத்தவர் மனைவி சோபியா. பிள்ளைகளையும் பண்ணையையும் பார்த்துக்கொண்டே அதைச் செய்தார். பெரிய நாவலாசிரியர்கள் பலரின் வீட்டில் யாரோ ஒருவர் தன் உழைப்பைக் கொடுத்திருக்கிறார்கள். உன் வீட்டிலும் கணவர் பையனுக்கு ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். கீரையை ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே யார் வேண்டுமானாலும் ஆயலாம்.

துவரங்குறிச்சியில் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்ட சல்மா, யாருக்கும் தெரியாமல் குளியலறையில் ஒளிந்து கவிதை எழுதியதைப் பற்றிப் பேசியிருக்கிறார். பிறகு ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்ற நாவலையும் எழுதினார். அதைச் சொல்லி “அவரே எழுதவில்லையா, உனக்கென்ன” என்று பெண்களைக் குற்றம் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒளிந்து எழுத வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது. சாப்பாட்டு மேஜையில் எல்லோர் கண்முன்னாலும் உட்கார்ந்து எழுது.

நோட்டில் எழுதுவதா, கம்ப்யூட்டரிலா? (விருதுநகர்)

முதல் எழுத்து எதில் சரளமாக வருகிறதோ அதில். எனக்குக் கோடு போட்ட நோட்டு. வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கத்தைத் திருத்தத்துக்கு விட்டுவிடுவேன். தட்டச்சுக்குத் தமிழ்99 பழகுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். நாவல் அளவுக்குத் தட்டும்போது விரலுக்கு அது பெரிய மிச்சம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனிக் கோப்பாக வைத்து, அன்றன்றைக்கு உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

பீடித் தொழிலைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாக எழுத எப்படித் தகவல் சேகரித்தீர்கள்? வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாதவர்கள் என்ன செய்யலாம்? (ஆசிரியர், தென்காசி)

எங்கள் பக்கத்தில் அதற்குத் தூரம் போக வேண்டியதில்லை சார், உங்களுக்கும் தெரியும். தென்காசி, முக்கூடல், ஆலங்குளம் எந்தப் பக்கம் போனாலும் திண்ணையில் பெண்கள் மடியில் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. போய் உட்கார்ந்தேன். இலையை நனைத்து, அளவுத் தகரத்தை வைத்துக் கத்தரியால் வெட்டுவதைப் பார்த்தேன். வெட்டிக் கொடுக்கும் வேலையை நானும் செய்தேன். கை வேலையில் இருந்தால்தான் எதிரே இருப்பவர் பேசுவார். கேள்வி கேட்டால் பதில் மட்டும்தான் கிடைக்கும்.

அவர்கள் பேச்சில் இருந்து எனக்குக் கிடைத்தது தொழில்நுட்பம் மட்டும் இல்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்ற கணக்கு அந்த வீட்டின் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 25 பீடிக்கு ஒரு கட்டு, 40 கட்டு முடிந்தால்தான் ஆயிரம். சாயங்காலம் கடையில் கணக்கு ஒப்படைக்கும் நேரத்துக்குள் முடிய வேண்டும் என்றால் சமையல் எப்போது, குளியல் எப்போது, பிள்ளையின் பரீட்சைக்கு முந்தின நாள் அதைப் படிக்கச் சொல்வதா இலை வெட்டச் சொல்வதா? ஏஜென்ட் தரும் இலை மோசமாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் அந்த நஷ்டம் யார் தலையில்? நாவலின் கதையே இந்தக் கேள்விகளில் இருந்துதான் வந்தது. நான் முன்கூட்டி யோசித்து வைத்திருந்த காதல் கதை இரண்டாவது மாதத்திலேயே உதிர்ந்துவிட்டது. அது போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்த வழியை நமக்குப் போட்டுக் கொடுத்தவர் ராஜம் கிருஷ்ணன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடையே போய்ப் பார்த்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். வெளியே போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் பேசுங்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற தம்பி ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுகிறார் என்று கேட்டிருக்கிறீர்களா?

சொந்தக்காரர்கள் தங்களைத்தான் எழுதிவிட்டோம் என்று கோபித்துக்கொண்டால்? (கும்பகோணம்)

கோபித்துக்கொள்வார்கள். ஒருவரை அப்படியே தூக்கி வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில். சித்தப்பாவின் நடையை எடுங்கள், பக்கத்து வீட்டுக்காரரின் கடன் சுமையை எடுங்கள், கோபம் உங்களுடையதாக இருக்கட்டும். அடையாளத்தை மறைக்க மட்டும் இப்படிச் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேர் கலந்தால்தான் பாத்திரம் நமக்கே தெரியாததைப் பேச ஆரம்பிக்கும். ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியத்தை மட்டும் அவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. நாவல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு அந்த உரிமை கிடையாது.

எண்பது பக்கத்தில் நின்றுவிட்டது. மூன்று மாதமாக நகரவில்லை. (கோயம்புத்தூர்)

எண்பது, நூறு பக்கத்தில்தான் பெரும்பாலும் நிற்கும். ஆரம்ப வேகம் தீர்ந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாது. முதலில் இருந்து படித்து, எந்தப் பக்கத்தில் உங்களுக்கே அலுப்புத் தட்டுகிறது என்று பாருங்கள். சிக்கல் நின்ற இடத்தில் இருக்காது, அதற்கு இருபது பக்கம் முன்னால் இருக்கும். ஏதோ ஒரு பாத்திரம் செய்யக்கூடாததைக் கதைக்காகச் செய்திருக்கும். அதை மாற்றினால் ஓடும். முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப மெருகேற்றிக்கொண்டு இருக்காதீர்கள்.

ராயல்டி எவ்வளவு வரும்? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்? (சென்னை)

தமிழில் புத்தக விலையில் 10 சதவீதம் என்பது பரவலான வழக்கம். 300 ரூபாய் நாவல் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய். பல வருட உழைப்புக்கு இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். வீட்டுச் செலவை இதன்மேல் வைக்க வேண்டாம்.

ஆனால் தொகை சின்னது என்பதற்காகக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எழுத்தாளருக்குப் பெரிய துணை. உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றிக் கொடுக்க முடியும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே பொருள். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உரிமையை வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாத பட்சத்தில், அது காலாவதியாகிவிடும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. ‘எல்லா உரிமைகளும்’ என்று ஒரே வரியில் இருந்தால் அதை அடித்துவிட்டு, அச்சு உரிமை மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். எழுத்தாளர் இறந்து 60 வருடம் வரை உங்கள் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்து அது.

நாவலை முடித்துவிட்டேன். முதலில் யாரிடம் காட்டுவது? வீட்டிலா, பதிப்பாளரிடமா? (நாகர்கோவில்)

இரண்டு பேரிடமும் இல்லை. முதலில் ஒரு மாதம் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். உரையாடலில் எங்கெல்லாம் நாக்கு இடறுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். அந்தத் திருத்தம் முடிந்தபின் நிறைய நாவல் படிக்கிற ஒருவரிடம் கொடுங்கள். உங்கள்மேல் பாசம் வைத்தவராக இருந்தால் பாராட்டு மட்டும்தான் கிடைக்கும். அவரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்காமல், “எந்த இடத்தில் கீழே வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். கடைசியாக, காசு கொடுத்து ஒரு நல்ல மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுத்துச் சந்திப்பிழை பார்த்துவிட்டுப் பதிப்பாளருக்கு அனுப்புங்கள். ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டும் என்றால் ஆகஸ்டிலாவது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.