சொன்ன மாதம் கடந்தும் வராத வில்

கேள்வி: ஐயா, நான் லெஸ்டரில் இருக்கிறேன். ஒன்றரை வருடமாக இங்குள்ள வில்வித்தைக் கழகம் ஒன்றில் பழகி வருகிறேன். கழகத்து வில்லையே எத்தனை நாள் இரவல் வாங்குவது என்று, எனக்கென ஒரு யூ மர நெடுவில் செய்து தரும்படி போன செப்டம்பரில் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். விலை 640 பவுண்டு. அதில் 200 பவுண்டைக் கிரெடிட் கார்டில் முன்பணமாகக் கட்டினேன். "ஏழெட்டு மாதம் ஆகும்" என்றார். இப்போது பத்தாவது மாதம். கேட்டால், "வேலை நடக்கிறது, சீக்கிரம் வந்துவிடும்" என்கிறார். தெருவில் பார்சல் வண்டி நிற்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். இன்னும் பொறுப்பதா, பணத்தைத் திருப்பிக் கேட்பதா? கேட்டால் கிடைக்குமா?

பதில்: நீங்கள் வாசலுக்குப் போவது எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் ஒரு நெடுவில்லுக்காகப் பதினோரு மாதம் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தவன். அதில் பாதி மரம் கேட்ட காலம். மீதி, தேதி எதையும் எழுத்தில் வாங்கி வைக்காததால் போன காலம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். யூ மரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதன் வைரம், அதாவது நடுவில் உள்ள முற்றிய மரம், செம்பழுப்பாக இருக்கும், அமுக்கத்தைத் தாங்கும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறு என்னும் இளமரம் பாலாடை நிறத்தில் இருக்கும், இழுவையைத் தாங்கும். வில்லின் வயிற்றுப் பக்கம், அதாவது எய்பவரைப் பார்க்கும் பக்கம் வைரமாகவும், முதுகுப் பக்கம் வெளிறாகவும் வரும்படி ஒரே கட்டையிலிருந்து செதுக்குகிறார்கள். இயற்கையே இரண்டு பலகையை ஒட்டிக் கொடுத்தது போன்ற அமைப்பு இது. ஆனால் ஆறடிக்கு மேல் நேராக, பெரிய கணுக்கள் இல்லாத யூ கட்டை கிடைப்பது அரிது. இந்தத் தட்டுப்பாடு புதிதும் அல்ல. இங்கிலாந்துக்குச் சரக்கு கொண்டுவரும் கப்பல்கள் சரக்கின் அளவுக்கு ஏற்ப வில் கட்டைகளையும் கொண்டுவர வேண்டும் என்று 1472இலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கிடைத்த கட்டையைப் பிளந்து, முனைகளை அடைத்து, நிழலில் ஓராண்டோ அதற்கு மேலோ உலர வைக்க வேண்டும். அவசரப்பட்டு உலர்த்தினால் வெடிக்கும், ஈரத்தோடு செதுக்கினால் வில் வளைந்தபடியே நின்றுவிடும்.

அடுத்தது வளைவைச் சரிசெய்யும் வேலை. நேரமெல்லாம் இதில்தான் போகிறது. என் வில்லைச் செய்தவரின் பட்டறையில் ஒருநாள் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். சுவரில் ஒரு மரத் தாங்கி, அதில் குறுக்காக வில், நாணில் ஒரு கொக்கி, கொக்கியிலிருந்து தரையில் உள்ள உருளை வழியாக ஓடும் கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவர் அறையின் எதிர்ச்சுவர் அருகே நின்றார். மெதுவாக இழுத்து, வில்லின் இரண்டு கைகளும், அதாவது நடுப்பிடிக்கு இருபுறமும் உள்ள பாதிகள், ஒரே சீராக வளைகின்றனவா என்று பார்த்தார். இடது கையில் ஒரு சாண் நீளம் விறைப்பாக நின்றது. வில்லை இறக்கி, அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, வயிற்றுப் பக்கத்தைச் சுரண்டியால் மூன்றே இழுப்பு இழுத்தார். வெங்காயத் தோல் போல மெல்லிய சுருள்கள் உதிர்ந்தன. மறுபடி தாங்கியில் ஏற்றி, முப்பது முறை இழுத்து விட்டுவிட்டுப் பார்த்தார். மதியம் ஆவதற்குள் வில் முன்பைவிட ஓர் அங்குலம்தான் கூடுதலாக வளைந்திருந்தது. எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. கடைசி இரண்டு அங்குலத்தில் உள்ளே மறைந்திருந்த ஒரு கணு வாய் திறந்தால் அத்தனை நாள் உழைப்பும் போய்விடும், வேறு கட்டையை எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் வில்லுக்கு அப்படி நேர்ந்திருக்கவும் கூடும். பலர் இதை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, "வேலை நடக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். சொல்லியிருந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கலாம். ஆனால் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாவிட்டால் பொருளை 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் ஏழெட்டு மாதம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் அந்தக் காலமே கணக்கு. அதுவும் கடந்துவிட்டது. இப்போது நீங்கள் நியாயமான ஒரு கூடுதல் கெடு கொடுக்கலாம். அந்தக் கெடுவும் தப்பினால் ஒப்பந்தம் முடிந்தது என்று அறிவித்து, கட்டிய பணம் முழுவதையும் திரும்பக் கேட்கலாம். முன்பணம் என்பதால் அதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. அவர் தொழிலாகச் செய்பவராக இருந்தால்தான் இந்தச் சட்டம் பொருந்தும் என்பதைக் கவனியுங்கள். ஓய்வு நேரத்தில் நண்பர்களுக்காக ஒன்றிரண்டு வில் செய்து கொடுப்பவர் என்றால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

நீங்கள் அறியாமலே செய்த நல்ல காரியம் ஒன்று, முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு. பொருளின் விலைதான் இங்கே கணக்கு, கார்டில் கட்டிய தொகை அல்ல. 200 பவுண்டை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் 640 பவுண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. இடையில் வேறொரு பணப் பரிமாற்ற நிறுவனம் புகுந்திருந்தால் சிக்கல் வரலாம். கார்டு கணக்கில் யார் பெயருக்குப் பணம் போயிருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

என் யோசனை, பணத்தை இப்போது கேட்காதீர்கள். மின்னஞ்சல் ஒன்று எழுதுங்கள். தொலைபேசியில் பேசினால் "சீக்கிரம்" என்ற அதே சொல்தான் மறுபடி கிடைக்கும். "என் வில்லுக்கான கட்டை தேர்ந்தாகிவிட்டதா? வளைவு வேலை எந்த அங்குலம் வரை வந்திருக்கிறது? தாங்கியில் இருக்கும்போது ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? இன்றிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டுகிறேன். முடியாதென்றால் முடியும் தேதியைச் சொல்லுங்கள்." இவ்வளவு போதும், மிரட்டல் வேண்டாம். உண்மையாக வேலை செய்பவர் படம் அனுப்பிவிடுவார், அனுப்புவதில் அவருக்கே மகிழ்ச்சி இருக்கும். படமும் வராமல், தேதியும் வராமல், எட்டு வாரமும் போனால் தயங்காமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, பணம் வராவிட்டால் கார்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

அதே மின்னஞ்சலில் இன்னொன்றையும் சேருங்கள். வில்லின் வலிமையை எத்தனை ராத்தல் என்று சொல்லியிருந்தீர்கள்? (ஆங்கிலத்தில் பணத்துக்கும் எடைக்கும் பவுண்டு என்ற ஒரே சொல். குழப்பம் வேண்டாமென்று எடைக்கு இலங்கைத் தமிழர்கள் சொல்லும் ராத்தலையே எழுதுகிறேன்.) நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்கும்போது கை தாங்கும் எடையைத்தான் வழக்கமாக வில்லில் குறிப்பார்கள். உங்கள் கைக்கு இழுப்பு 26 அங்குலம்தான் என்றால், 50 ராத்தல் என்று எழுதியிருக்கும் வில் உங்களிடம் ஏறக்குறைய 45 ராத்தல்தான் காட்டும். கழகத்தில் ஒருமுறை இழுப்பை அளந்து, அந்த அளவை எழுதி அனுப்புங்கள். ஆசையில் கனத்த வில்லைக் கேட்டுவிட்டவர்களைப் பார்த்துவிட்டேன். நெஞ்சு வரை இழுக்க முடியாமல் தோளில் வலி வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்தில் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் இப்போதே ஐந்து ராத்தல் குறைத்துச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் ஒருமுறை போர்ட்ஸ்மத்துக்குப் போய் வாருங்கள். 1545இல் சோலண்ட் கடலில் மூழ்கிய எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ், 1982இல் வெளியே எடுக்கப்பட்டது. அதோடு கிடைத்தவை 170க்கும் மேற்பட்ட நெடுவில்கள். அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் வில்களிலும் அதே வைரம், அதே வெளிறு. முதுகில் ஒரு கணு வந்த இடத்தில், செய்தவர் அதை அறுத்துவிடாமல் மரத்தைச் சற்று மேடாக விட்டிருப்பதைக் கண்ணாடிக்கு அருகே குனிந்து தேடிப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் வில் வரும்போது அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: ஹாரோவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வில் வந்தேவிட்டது. ஆனால் நாண் இல்லாமல் வைத்தாலும் இலேசாக வளைந்திருக்கிறது. நடுவில் இரண்டு கணுக்களும் தெரிகின்றன. "நீங்கள் கேட்டபடி செய்த பொருள், திருப்பி வாங்க மாட்டோம்" என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாறவில்லை என்றே தோன்றுகிறது. செய்து முடிப்பதற்குள் பல நூறு முறை வளைக்கப்பட்ட மரம் ஓரிரு அங்குலம் நாண் பக்கம் சாய்ந்து நிற்பது இயல்பு. யூ மரத்தில் கணு குறையும் அல்ல, அதைச் சுற்றி மரம் போதுமான அளவு விடப்பட்டிருந்தால் சரி. நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. முதுகுப் பக்கத்தில் சிலாம்பு எழும்பியிருக்கிறதா, வயிற்றுப் பக்கத்தில் குறுக்காக மயிரிழை போன்ற கோடுகள் விழுந்திருக்கின்றனவா, கொம்பில் செய்த முனைகள் ஆடுகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் எய்யாதீர்கள், படம் எடுத்து உடனே அனுப்புங்கள்.

அவர்கள் சொல்வது பாதி உண்மை. தபாலிலோ இணையத்திலோ வாங்கிய பொருளை 14 நாளுக்குள் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கும் உரிமை, சொல்லிச் செய்த பொருளுக்குக் கிடையாது. ஆனால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் நிராகரிக்கும் உரிமை சொல்லிச் செய்த பொருளுக்கும் உண்டு. அதற்குப் பிறகு ஆறு மாதம் வரை, பழுது பார்த்தோ மாற்றியோ தரச் சொல்லலாம். அந்தக் காலத்தில் குறை முதலிலேயே இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர்தான். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விட்டோ, குறித்த அளவுக்கு மேல் இழுத்தோ வில் உடைந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாக எடுத்து நாணைச் சுண்டிப் பார்ப்பார்கள். கொடுக்காதீர்கள்.

கேள்வி: குழாயில் வைத்து அனுப்பிய வில், குழாயோடு நடுவில் மடிந்து வந்தது. கூரியர்காரரிடம் கேளுங்கள் என்கிறார் விற்றவர்.

பதில்: கூரியரை ஏற்பாடு செய்தது அவர் என்றால், பொருள் உங்கள் கைக்கு வந்து சேரும் வரை பொறுப்பு அவருடையது. கூரியர் நிறுவனத்தோடு சண்டை போடுவது அவர் வேலை, உங்கள் வேலை அல்ல. குழாயை எறிந்துவிடாமல் வையுங்கள், மடிப்பு தெரியும்படி படம் எடுங்கள், பணத்தையோ வேறு வில்லையோ அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் ஒருவர் மலிவாகச் செய்து தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், மலிவு கடைசி வரை மலிவாகவே இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டு. 135 பவுண்டுக்கு மேற்பட்ட பார்சலுக்கு இங்கே வந்து சேரும்போது 20 சதவீத இறக்குமதி வாட் வரி கட்ட வேண்டும். அதோடு கூரியர்காரரின் கையாளும் கட்டணமும் சேரும். 75ஆம் பிரிவின் பாதுகாப்பு வெளிநாட்டில் வாங்கியதற்கும் உண்டு என்பதால் கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள்.

கேள்வி: வில் வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கை சும்மா இருக்க மறுக்கிறது. அதற்குள் என்னென்ன வாங்கி வைக்கலாம்?

பதில்: முன்கைக் காப்பு, விரல் உறை, வில்லுக்கு ஒரு துணிப் பை. இவற்றை இப்போதே வாங்கலாம். அம்புகளை மட்டும் வாங்காதீர்கள். மர அம்பின் விறைப்பு வில்லின் உண்மையான வலிமைக்குப் பொருந்த வேண்டும். 45 ராத்தல் கேட்ட வில் 42இல் முடிந்து வரலாம், அப்போது முன்கூட்டி வாங்கிய ஒரு டஜன் அம்பும் பக்கவாட்டில் பாயும். வில் வந்த பிறகு கழகத்தில் இரண்டு மூன்று விதமான அம்புகளை இரவல் வாங்கி எய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் வில்லுக்கு ஓர் இடத்தையும் இப்போதே தயார் செய்யுங்கள். சுவரில் இரண்டு முளை அடித்து, நாண் இறக்கிய வில்லைப் படுக்கை வசமாக வைப்பது நல்லது. ரேடியேட்டருக்கு மேலே உள்ள சுவர் மட்டும் வேண்டாம்.