பழைய டிரையாங் எஞ்சினில் டிகோடர் எரிந்தது ஏன்?

வணக்கம். அப்பா காலத்து டிரையாங் (பிரிட்டிஷ் மாதிரி ரயில்) எஞ்சினில், தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு சர்க்யூட்டான டிகோடரைப் பொருத்தித் தண்டவாளத்தில் வைத்ததுமே அது புகைந்துவிட்டதாகச் செங்கோட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். டிகோடரின் மேல் பழி போட வேண்டியதில்லை. உங்கள் படத்தில் தெரியும் எக்ஸ்04 மோட்டாரில் ஒரு பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டு) உலோகச் சட்டத்தோடும், சட்டம் ஒருபக்கச் சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தோடும் மின்தொடர்பில் இருப்பதால், தண்டவாள மின்சாரம் நேரே டிகோடரின் மோட்டார் முனைக்குள் பாய்ந்திருக்கிறது.

பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் சிறிய காப்புக்குழாய் இருக்கும். அதே போன்ற ஒன்றை மறு காலிலும் மாட்டி, டிகோடரின் ஆரஞ்சு, சாம்பல் கம்பிகளைப் பிரஷ்களுக்கும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளைத் தண்டவாள மின்சாரத்துக்கும் இணையுங்கள். பழைய கெப்பாசிட்டர் இருந்தால் கழற்றிவிடலாம். காந்தத்தை மட்டும் கழற்றவே வேண்டாம், அதன் வலு குறைந்துவிடும்.

அடுத்த டிகோடரை வாங்குவதற்கு முன், 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் சக்கரங்களை ஒரு நொடி பிடித்து நிறுத்தி, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். அது ஓர் ஆம்பியரைத் தாண்டினால், அந்த அளவைத் தாங்கும் டிகோடரையே தேர்ந்தெடுங்கள். சாரல் காலத்து ஈரத்தில் சக்கரங்களில் படியும் அழுக்கையும் துடைத்துவிடுங்கள். மல்டிமீட்டரை வைத்துச் சக்கரங்களை மெல்லச் சுழற்றும்போது எந்தப் பிரஷுக்கும் எந்தச் சக்கரத்துக்கும் தொடர்பு காட்டக் கூடாது. பிறகும் நேரே ஓட்டாமல், மின்னோட்டம் மட்டுப்படுத்தப்பட்ட புரோகிராமிங் தடத்தில் (டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உதவும் தனித் தண்டவாளம்) வைத்து, கட்டுப்பாட்டுக் கருவி அந்த எஞ்சினை அழைக்கும் எண்ணான முகவரியைப் படித்துப் பாருங்கள். புதிய டிகோடரில் அது வழக்கமாக 3 என்றிருக்கும்.