வாசகர் கேள்விகள்: சாலைக்குப் பேர் வைத்தோம், ஆளை மறந்தோம்

போன இதழில் பழைய நாடக நடிகர்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த முறை வேறு எந்தக் கேள்வியையும் எடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அரசியல், கிரிக்கெட் கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் அவ்வை சண்முகம் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். அவ்வை என்றால் பாட்டி, சண்முகம் என்றால் ஆண். யார் இவர்? (சென்னை வாசகி)

ஆண்தான். டி.கே. சண்முகம். டி.கே.எஸ். சகோதரர்கள் நாலு பேரில் மூன்றாமவர். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை நடத்தினார், தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பெயர். அதில் ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை இவர். 1942இல் ‘ஔவையார்’ நாடகத்தில் ஔவைப் பாட்டியாக நடித்தபோது முப்பது வயதுதான். கூன் முதுகும் கோலுமாக வந்த அந்தப் பாட்டி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது, கடைசிவரை போகவே இல்லை. அப்புறம் லாயிட்ஸ் ரோடுக்கும் அந்தப் பெயரே வந்தது. சினிமாவில் வந்த ஔவை வேறு. அது 1953இல் எஸ்.எஸ். வாசன் எடுத்தது, நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள்.

நீங்கள் கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சாலையில் போகிறவர்களில் எத்தனை பேர் பலகையைப் பார்த்து நின்று யோசித்திருப்பார்கள்?

கேள்வி: எங்கள் தாத்தா சாகும்வரை “கிட்டப்பா, கிட்டப்பா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். யூடியூபில் தேடிக் கேட்டேன். கிறீச்சென்று இருக்கிறது, இரைச்சல் வேறு. எதற்கு இவ்வளவு கொண்டாட்டம்? (தென்காசி வாசகர்)

மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிட்டீர்கள். நானும் அப்படியே சொல்கிறேன்: நீங்கள் கேட்டது நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவை அல்ல, அவர் குரலின் ஒரு கீற்றைத்தான்.

அவர் பாடிய காலத்தில் நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கீற்றுக் கொட்டகை, ஆயிரக்கணக்கில் ஜனம், தரையில் உட்கார்ந்திருப்பவன், பெஞ்சுக்காரன், பின்னால் நிற்கிறவன், கைக்குழந்தை அழுகை, வெளியே சோடாக்காரன் சத்தம், இத்தனையையும் தாண்டி கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து ராஜபார்ட் (கதாநாயக வேஷக்காரர்கள்) எல்லாரும் உச்சஸ்தாயியில் பாடினார்கள். ஸ்ருதி குறைந்தால் அடுத்த ஊரில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அதை ஹெட்போனில் காதுக்குள் விட்டால் கிறீச்சென்றுதான் இருக்கும்.

இன்னொன்று, அந்த இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் கொஞ்சம்தான் பிடிக்கும். மேடையில் ஒரே பாட்டை ஒன்ஸ்மோர் கேட்டுக் கேட்டு, அதை இழுத்து, விரித்து, ஹார்மோனியக்காரரோடு போட்டி போட்டு நெடுநேரம் பாடியவரை மூன்று நிமிடத்துக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும்? அப்படியும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. மேலே போய் நின்று, மூச்சு வாங்காமல், அங்கேயே பிருகாவை (மின்னல் வேக ஸ்வர அடுக்கை) உதிர்த்துவிட்டு இறங்குவார் பாருங்கள், அந்த இடத்தை மட்டும் ராத்திரி வீடு அடங்கிய பிறகு ஸ்பீக்கரில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். தாத்தா சொன்னது புரியும்.

நான் முதலில் கேட்டது பெரியப்பா வீட்டில். கைப்பிடி சுற்றும் கிராமபோன் பெட்டி, பக்கத்தில் தீப்பெட்டி அளவு தகர டப்பாவில் ஊசிகள். தட்டுக்கு ஒரு ஊசி என்று கணக்காகப் போடுவார். பாட்டு பாதியில் ஸ்பிரிங் தளர்ந்தால் கிட்டப்பா குரல் மெதுவாக இறங்கி இறங்கிப் பூதம் மாதிரி ஆகிவிடும், நாங்கள் சிரிப்போம், பெரியப்பா ஓடிவந்து கைப்பிடியைச் சுற்றுவார், குரல் மறுபடி படியேறி அதன் இடத்துக்குப் போய் நிற்கும். சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் அந்த ஏறும் நேரத்தில் மட்டும் பேசாமல் இருப்போம். ஏன் என்று அப்போது தெரியாது.

1906இல் செங்கோட்டையில் பிறந்தவர், உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். பையனாகவே மேடை ஏறி, கன்னையா நாடகக் கம்பெனியில் பெயர் எடுத்து, 1933 டிசம்பரில் போய்விட்டார். வயது 27. தமிழ்ப் பேசும்படம் வந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு சேர்த்துத்தான் அவர் பெயரையும் இன்று சொல்லிக்கொண்டிருப்போம். எந்தப் படத்திலும் இல்லாததால் அவருக்கு முகமே இல்லாமல் போய்விட்டது. அவர் பாடிப் பிரபலமான ‘காயாத கானகத்தே’ என்றாலே இன்று பலருக்கு 1945இல் வந்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்து டி.ஆர். மகாலிங்கம்தான் ஞாபகம் வருகிறார். மகாலிங்கம் அருமையான பாடகர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் என்பதும், அது படத்துக்கு முன்பே மேடை மேடையாக ஏறி இறங்கிய பாட்டு என்பதும் சேர்ந்தே நினைவில் இருக்க வேண்டும்.

கேள்வி: கே.பி.எஸ். (கே.பி. சுந்தராம்பாள்) வெள்ளைச் சேலையிலேயே இருந்ததற்குக் காரணம் கிட்டப்பாவா? (ஈரோடு வாசகி)

ஆமாம். கொடுமுடியில் வறுமையான வீட்டில் பிறந்து, சிறுமியாக ரயிலில் பாடிக்கொண்டிருந்தவர். இலங்கைக்கு நாடகம் போடப் போன இடத்தில் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். 1927இல் இவரையும் மணந்தார். சேர்ந்து வாழ்ந்ததைவிட மனஸ்தாபப்பட்டுப் பிரிந்திருந்ததுதான் அதிகம் என்று சொல்ல வேண்டும். கிட்டப்பா இறந்தபோது இவருக்கு 25 வயது. அன்றைக்குக் கட்டிய வெள்ளை 1980இல் இறக்கும்வரை மாறவில்லை.

இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று மேடையைவிட்டு ஒதுங்கியிருந்தவரைத் திரும்பக் கொண்டுவந்தது 1935இல் வந்த ‘நந்தனார்’. அதில் இவருக்கு ஆண் வேஷம், நந்தனாரே இவர்தான். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். சவரன் விலை முப்பது ரூபாயைக்கூடத் தொடாத காலம் அது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள் என்று துறவியும் கிழவியுமாகவே வந்தார். ஜோடியே இல்லாமல் இத்தனை பெரிய நட்சத்திரமாக இருந்த இன்னொரு தமிழ் நடிகையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: முதல் தமிழ்க் கதாநாயகி யார்? க்விஸ் போட்டிக்காக. (கரூர் மாணவி)

டி.பி. ராஜலட்சுமி, திருவையாறு. படம் ‘காளிதாஸ்’, வெளியான நாள் 1931 அக்டோபர் 31. க்விஸுக்கு இது போதும், ஆனால் உனக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன் அம்மா.

அந்தப் படத்தில் இவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். ஜனத்துக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை, திரை பேசுகிறதே, அதுதான் அதிசயம். பம்பாயில் எடுத்த படம். ஃபிலிம் பெட்டி சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து இறங்கியதும் தேங்காய் உடைத்து, சாம்பிராணி காட்டி, வால்டாக்ஸ் ரோடு வழியாக கினிமா சென்ட்ரல் கொட்டகைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். கதைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டும் அதில் உண்டு. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ்.

1936இல் ராஜலட்சுமி ‘மிஸ் கமலா’ என்று ஒரு படம் எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தமிழில் படம் இயக்கிய முதல் பெண். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகி, அது முறிந்து, தாயோடு நாடகக் கம்பெனி வாசலில் போய் நின்ற பெண் இதைச் செய்தார் என்பதை நினைத்துப் பார். ‘காளிதாஸ்’ படச்சுருள் ஒரு அடி கூட இன்று இல்லை. ‘மிஸ் கமலா’வும் கிடைக்காது. க்விஸில் அவர் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகச் சொல்.

கேள்வி: காளி என். ரத்தினம், பெயரில் ஏன் காளி? (தேனி வாசகர்)

‘கோவலன்’ நாடகத்தில் காளி வேஷம் கட்டி ஊரையே நடுங்க வைத்தவர், அதனால். பிற்பாடு சிரிக்க வைப்பதே தொழிலானது. 1941இல் வந்த ‘சபாபதி’யில் வேலைக்காரனாக வருவார், இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு வலிக்கும். அதில் சி.டி. ராஜகாந்தமும் உண்டு, அவரையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: “பாலாமணி ஸ்பெஷல்” என்று ரயிலே விட்டார்களாமே, நிஜமா? (கும்பகோணம் வாசகர்)

உங்கள் ஊர் பாலாமணி அம்மாள் நாடகம் பார்க்க மாயவரம் பக்கமிருந்தும் திருச்சி பக்கமிருந்தும் ராத்திரி ரயிலில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், அந்த ரயிலுக்கே பாலாமணி ஸ்பெஷல் என்று பெயர் என்று பழைய நாடகக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கு ரயிலைவிடப் பெரிதாகப் படுவது, பாலாமணி அம்மாள் தன் கம்பெனியில் எல்லா வேஷத்துக்கும் பெண்களையே வைத்தார் என்பதுதான். மற்ற இடங்களில் பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர் மேடையில் ராஜாவும் பெண், மந்திரியும் பெண். கடைசிக் காலத்தில் மதுரையில் மிகவும் கஷ்டப்பட்டார் என்கிறார்கள். அவர் குரலில் எனக்குத் தெரிந்து ஒரு தட்டு கூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: ஒரே வழக்கில் உள்ளே போனார்கள் பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும். கலைவாணர் மீண்டு வந்தார், பாகவதர் ஏன் வரவில்லை? (திருச்சி வாசகர்)

பலரும் விதி என்று முடித்துவிடுவார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. 1944 நவம்பரில் மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை, அந்த வழக்கில்தான் இருவரும் உள்ளே போனார்கள். அதே தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ பிராட்வே தியேட்டரில் ஓடிக்கொண்டே இருக்கிறது, நாயகன் பாகவதர் சிறையில். அன்றைய கடைசி முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் இருவரும் வெளியே வந்தார்கள். அதற்குள் சினிமா மாறிவிட்டது. பின்னணிப் பாடல் வந்துவிட்டதால் நாயகன் பாடத் தெரிந்தவனாக இருக்க வேண்டியதில்லை, வசனம் பேசத் தெரிந்தால் போதும் என்றாகிவிட்டது. பாகவதர் குரலில் குறையில்லை, அந்தக் குரல் உட்கார இருந்த நாற்காலியைத்தான் எடுத்துவிட்டார்கள். கலைவாணருக்கு அந்தச் சிக்கல் இல்லை, சிரிப்புக்கு எப்போதும் இடம் உண்டு. அதோடு அவருக்கு மனைவி மதுரம் இருந்தார். கணவர் உள்ளே இருந்த காலத்தில் வழக்குச் செலவையும் பார்த்து, நாடக சபாவையும் நடத்தி, எஸ்.வி. சகஸ்ரநாமம் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு கணவர் பெயர் மேடையிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டார். டி.ஏ. மதுரத்தை வெறும் ஜோடி நடிகை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: திருமங்கலத்தில் விஸ்வநாததாஸ் நினைவு இல்லம் இருக்கிறது. தியாகி என்று தெரியும். நாடகத்துக்கும் அவருக்கும் என்ன? (மதுரை வாசகர்)

நாடகம்தான் அவர் போர்க்களம். 1886இல் சிவகாசியில் மருத்துவர் (முடிதிருத்துவோர்) சமூகத்தில் பிறந்தவர். ‘வள்ளி திருமண’த்தில் தினைப்புனம் காக்கும் காட்சி தெரியும் அல்லவா, வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவாள். அந்த இடத்தில் ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று இவர் எடுப்பார். பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. வெள்ளைக் கொக்கு என்றால் வெள்ளைக்காரன்தான் என்று கொட்டகையில் இருந்த கடைசி ஆளுக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற போலீசுக்கும் தெரியும். பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி அதே கொக்குதான்.

சாதியைச் சொல்லி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். முருகனாக வேஷம் கட்டியவரை ஜனம் கையெடுத்துக் கும்பிட்டது, அதே மேடையில் பக்கத்தில் நிற்க ஆள் தயங்கியது. இதை எழுதும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னை. முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அதோடு முடிந்தது. நினைவு இல்லத்துக்கு ஒரு முறை உள்ளே போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: அப்பாவின் பரணில் முப்பது நாற்பது பழைய இசைத்தட்டும் ஒரு கட்டு நாடக நோட்டீசும் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். (விருதுநகர் வாசகி)

கொடுக்காதீர்கள், தயவுசெய்து. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், கீழே உள்ளது கீறிவிடும். புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். தூசியை மெல்லிய பருத்தித் துணியால் வட்டமாகத் துடைத்தால் போதும். ஸ்பிரிட் மட்டும் தொடவே கூடாது, அவை அரக்கால் செய்தவை, கரைந்துவிடும். போட்டுப் பார்க்கும் ஆசையில் பழைய ஊசியை வைக்காதீர்கள். 78 சுற்றுக்கான முள் வைத்திருப்பவர்களிடம் கொடுத்து ஒருமுறை பதிவு செய்துகொள்ளுங்கள்.

நோட்டீஸ்கள் அதைவிட அருமையானவை. அதில்தான் பபூன் யார், பின்பாட்டு யார், ஹார்மோனியம் யார் என்று வேறு எங்கும் இல்லாத பெயர்கள் இருக்கும். லேமினேஷன் போட வேண்டாம். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் பாதுகாக்கிற இடம், அங்கே பேசிப் பாருங்கள். கொடுப்பதற்கு முன் அப்பா அவற்றை எந்த ஊரில் எப்போது வாங்கினார் என்று உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். முடிந்தால் அந்த நோட்டீஸ்களைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள், அதில் உள்ள பெயர்களை அடுத்த இதழில் ஒன்று விடாமல் போடுகிறேன்.