ஜூம் லென்ஸைக் கிம்பல் தாங்குமா?

கேள்வி: கொட்டகலைப் பக்கம் தோட்டங்களில் கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ எடுத்து வருகிறேன். சோனி ஏ7 த்ரீ கெமரா, டிஜேஐ ஆர்எஸ் 3 மினி கிம்பல் (நடக்கும்போது கெமரா ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடி). இதுவரை 35 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்றிலேயே காலம் ஓடியது. இப்போது 24-70 ஜூம் வாங்கக் காசு சேர்த்திருக்கிறேன். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர், "சின்ன கிம்பல் ஜூமைத் தாங்காது, பெரிய கிம்பலும் சேர்த்து வாங்கு" என்கிறார். பெட்டியில் 2 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: கிம்பலை மாற்ற வேண்டாம். அந்தக் காசு லென்ஸுக்கே போகட்டும்.

முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். உங்கள் கெமரா பற்றரியோடு 650 கிராம். சோனியின் பழைய 24-70 ஜி மாஸ்டர் 886 கிராம். இரண்டும் சேர்த்து ஒன்றரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். 2022இல் வந்த இரண்டாவது ஜி மாஸ்டர் 695 கிராம்தான். டாம்ரன் 28-75இன் ஜி2 540 கிராம், சிக்மா 28-70 கன்டெம்பரரி 470 கிராம். எதைப் போட்டாலும் 2 கிலோவுக்குள் அடங்கும்.

ஆனாலும் அந்த அண்ணன் சும்மா சொல்லவில்லை. அவர் கண்ட சிக்கல் எடையால் வருவதில்லை, எடை இடம் மாறுவதால் வருவது. பிரைம் லென்ஸில் ஒருமுறை சமநிலை வைத்தால் கழற்றும்வரை அப்படியே நிற்கும். மேலே சொன்ன ஜூம்கள் எல்லாம் 70 பக்கம் திருப்பும்போது முன்குழாய் வெளியே நீளும். கண்ணாடி முன்னுக்குப் போகிறது, பாரமும் முன்னுக்குப் போகிறது. 24இல் அசையாமல் நின்ற கெமரா 70இல் மூக்கைக் கீழே போடும். அதைத் தூக்கிப் பிடிக்கும் வேலை கெமராவை மேலும் கீழும் சாய்க்கிற டில்ட் மோட்டாருக்கு. கைப்பிடியில் மெல்லிய அதிர்வு தெரியும், மோட்டார் சூடாகும், பற்றரி சீக்கிரம் இறங்கும். படத்தில் பொடிப்பொடியாக நடுக்கம் விழும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

அதனால் கிம்பலுக்கென்று ஜூம் வாங்குகிறவர் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "திருப்பும்போது நீளுமா?" என்பதுதான். சோனி 16-35 எஃப் 4 பவர் ஜூம் நீளாது, எடையும் 353 கிராம்தான். டாம்ரன் 17-28 எஃப் 2.8உம் நீளாது, 420 கிராம். உங்கள் வேலைக்கு, அதிக இடத்தைப் படத்துக்குள் பிடிக்கும் இந்த அகல ஜூம்கள் இன்னொரு விதத்திலும் பொருந்தும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவுக்குள் பொண்ணு, தாய்மாமன், நலங்கு வைக்கிற பெண்கள் என்று எட்டுப் பேர் நின்றால் 28 மி.மீ. என்ன செய்யும்? முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் பாதிப் பேர் வெளியேதான். இரவில் தேர் சுற்றும்போது ஜெனரேட்டர் வெளிச்சம் மட்டுமே இருக்கும் என்பதால், இந்த இரண்டில் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும் டாம்ரனின் எஃப் 2.8 பக்கம்தான் நான் நிற்பேன்.

ஒரே ஒரு லென்ஸில் எல்லாம் முடிய வேண்டும், தாலி கட்டும்போது முகமும் நெருக்கமாக வேண்டும் என்றால் சிக்மா 28-70 வாங்குங்கள். குழாய் நீளும், ஆனால் பாரம் குறைவு என்பதால் மோட்டார் சமாளிக்கும்.

இனி சமநிலை. பற்றரி, கார்ட், ஃபில்டர், ஹூட், மைக் எல்லாம் போட்டு, லென்ஸ் மூடியைக் கழற்றி, தோள்பட்டியையும் கழற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும். தொங்குகிற பட்டி ஒன்று போதும், எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கிம்பலை அணைத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பூட்டை மட்டும் திறங்கள். முதலில் டில்ட்: லென்ஸ் நேரே பார்க்க, கெமராவை மாட்டிய பிளேட்டை முன்பின் நகர்த்தி நிறுத்துங்கள், பிறகு லென்ஸை வானம் பார்க்கத் திருப்பி, அங்கேயும் விழாமல் நிற்கும்படி வையுங்கள். அடுத்து ரோல்: கெமரா இடமோ வலமோ சாயாமல் நிற்க வேண்டும். கடைசியாக பேன்: கைப்பிடியைச் சரித்துப் பிடித்தால் கெமரா தானாகச் சுழலக் கூடாது.

ஜூமைத் திருப்பினால் கெடுவது முக்கியமாக முன்பின் சமநிலைதான். பாரம் லென்ஸின் நீளவாக்கில் நகர்வதால் ரோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆகவே ரோலை மறுபடி தொட வேண்டாம், பிளேட்டை மட்டும் கவனித்தால் போதும். பொதுவாக 45, 50இல் வைத்துச் சமநிலை பார்த்தால் 28இல் பின்பக்கமும் 70இல் முன்பக்கமும் மெதுவாகச் சாயும். அந்தளவை மோட்டார் தாங்கும். இன்னும் நல்ல வழி இருக்கிறது. வீட்டில் ஆறுதலாக உட்கார்ந்து 28க்கு ஒருமுறை, 70க்கு ஒருமுறை சமநிலை பாருங்கள். பிளேட் நின்ற இரண்டு இடத்திலும் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் கோடு போட்டு எண்ணை எழுதிவிடுங்கள். ஊர்வலத்தில் நடந்து எடுக்க 28 கோடு, மணவறையில் நின்று எடுக்க 70 கோடு. பூட்டைத் தளர்த்தி நகர்த்த அரை நிமிஷம்கூட ஆகாது. நகர்த்திய பிறகு, மோட்டார் விசையைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனையும் ஒருமுறை ஓடவிடுங்கள்.

அகல ஜூமில் நடந்து எடுக்கும்போது படத்தின் ஓரங்கள் நெளிந்தால் கிம்பலைக் குறை சொல்லாதீர்கள். கெமராவுக்குள் ஆட்டத்தைக் குறைக்க இருக்கிற ஸ்டெடிஷாட்டை அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வருவதை 70-200 லென்ஸில் கிம்பல் வைத்து எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் தேவையில்லை. 200 மி.மீ.யில் உங்கள் மூச்சுக்கூட படத்தில் ஆடும். பெரிய ஹூட்டில் மலைக்காற்று மோதினால் மோட்டார் திணறும். அங்கே ட்ரைபொட்தான் சரி.

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறேன். ஃபேஸ்புக்கில் பாவித்த ஜூம் லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நம் மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சணம். போன் டோர்ச்சைப் பின்கண்ணாடி வழியாக அடித்து, முன்னால் இருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நூல் நூலாகக் கிளைவிட்ட வெள்ளை தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். லென்ஸைத் தரை பார்க்கப் பிடியுங்கள். குழாய் தானாக இறங்கினால் கிம்பலில் அது தொல்லை. முழுதாக நீட்டி, முன்பக்கத்தை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், கிம்பலில் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்த ஆட்டம் படத்தில் தெரியும். உங்கள் கெமராவையும் கிம்பலையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வாங்கிய பிறகு துணிப்பையில் போட்டு அலுமாரியில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

தனியாளிடம் வாங்கினால் பிறகு முறையிட இடமில்லை. கடையில் வாங்கினால் லென்ஸின் சீரியல் நம்பர் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி வாரண்டியா, கடை வாரண்டியா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சொன்னபடி பொருள் இல்லை என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி 3 மாதத்துக்குள் முறையிட வேண்டும். தொலைபேசியில் விவரம் கேட்க 1977.