60 டொலர் குறைகிறது என்று வெளியே போகலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் ஒரு இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கலியாண வீடு என்று ஓடுகிற குழு. ரொறன்ரோவில் இருக்கும் அத்தான், இசைக்கருவிகள் விற்கும் ரிவேர்ப் என்ற இணையத்தளத்தில் பாவித்த யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700 கீபோர்ட் ஒன்றை எனக்காகப் பார்த்து வைத்திருக்கிறார். விலை 1,100 கனேடிய டொலர். விற்பவர் கல்கரியில் இருக்கிறார். தளத்தை விட்டுவிட்டு, பேபாலில் 'நண்பர், உறவினர்' வழியாகக் காசு போட்டால் 60 டொலர் குறைப்பதாகச் சொல்கிறார். இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டுமாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன் கைக்கு வந்தால் நல்லது. அத்தான் "நீ சொல்லு, நான் கட்டுறன்" என்கிறார். கட்டச் சொல்லவா? என் பழைய கீபோர்டையும் விற்க இக்மன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறேன். அங்கேயும் கொமிஷன் வெட்டுவார்களா?

பதில்: வேண்டாம், தம்பி. அத்தான் பொத்தானை அமத்துவதற்கு முதல் சொல்லிவிடுங்கள்.

அந்த 60 டொலர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரிவேர்ப் விற்பவரிடம் 5 சதவீதம் எடுக்கிறது. 2020இல்தான் 3.5இலிருந்து இப்படி ஏற்றினார்கள். காசைக் கையாளும் செலவென்று இன்னும் ஏறக்குறைய 3 சதவீதம். ஆக 1,100க்கு 88 டொலர் அளவில் போய்விடும். விற்கிறவருக்கு வயிறு எரிவது நியாயம்தான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 88ஐ மிச்சம் பிடித்து 60ஐ உங்களுக்குத் தருகிறார், 28ஐத் தான் வைத்துக்கொள்கிறார், ஆபத்து முழுவதையும் அத்தானின் தலையில் இறக்கிவிடுகிறார்.

பேபாலில் 'நண்பர், உறவினர்' என்று போட்ட காசுக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. சொந்தக்காரருக்கு அனுப்பிய காசாகத்தான் அது கணக்கில் நிற்கும். சாமான் வரவில்லை என்று பேபாலிடம் போனால் கைவிரிப்பார்கள். ரிவேர்ப்பிடம் போனால், எங்கள் தளத்தில் நடக்காத வியாபாரம் என்பார்கள்.

அந்த ஆள் கள்ளன் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். கல்கரியிலிருந்து ரொறன்ரோவுக்கு 3,000 கிலோமீற்றருக்கு மேல். பெட்டியை ஒருவன் மூலைபட விழுத்தினால் உள்ளே நான்கு கீ உடைந்து வரும். தளத்துக்குள் வாங்கியிருந்தால் முறைப்பாடு போட்டுத் திருப்பிக் கேட்கலாம். வெளியே என்றால், "நான் நல்லபடியாகத்தான் கட்டி அனுப்பினேன்" என்று அவர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கும். நட்டம் யாருக்கு? இங்கே பழைய உழவு இயந்திரம் வாங்கும்போது தரகரை வெட்டிவிட்டு நேரே காசு கொடுக்கிறவர்கள் உண்டு. எஞ்சின் புகைத்தால் அடுத்த நாளே விற்றவரின் படலையில் போய் நிற்கலாம் என்ற தைரியம்தான். கல்கரியில் எந்தப் படலையில் போய் நிற்பீர்கள்?

விலை குறையத்தான் வேண்டுமென்றால் தளத்திலேயே விலை பேசும் வசதி இருக்கிறது. 1,050 என்று அத்தான் கேட்டுப் பார்க்கட்டும். பாவித்த கீபோர்டுக்குப் பேரம் பேசுவது வழமை, யாரும் கோபிக்கமாட்டார்கள். "இன்றைக்கே" என்று நெருக்கினால் விட்டுவிடுங்கள். இன்னொன்று வரும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அத்தான் பெட்டி வந்த கையோடு கார்கோவில் போட்டுவிடக் கூடாது. கப்பலில் வர மாதக்கணக்கு ஆகும். முறைப்பாட்டுக்குத் தளம் தரும் நாட்கள் அதற்குள் முடிந்துவிடும். அவருக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வீடியோ அழைப்பில் நீங்கள் இருந்து சொல்லிக்கொடுங்கள். 61 கீயையும் ஒவ்வொன்றாக, முதலில் மெல்ல, அப்புறம் அழுத்தி. எவ்வளவு மெல்லத் தொட்டாலும் ஒரு கீ மட்டும் உச்சத்தில் கத்தினால் அடியில் இருக்கும் ரப்பர் போய்விட்டது அல்லது அழுக்கேறிவிட்டது. ஜோய்ஸ்டிக்கை விட்டதும் சுருதி சரியாகத் திரும்புகிறதா, தொடுதிரையின் நான்கு மூலையும் தொட்டால் வேலை செய்கிறதா, யூஎஸ்பி வாசிக்கிறதா என்றும் பாருங்கள். அடப்டரின் முதுகை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'இன்புட்' என்ற இடத்தில் 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மட்டும்தான் பிரச்சினை. 120 என்று மட்டும் இருந்தால் இங்கே 230இல் குத்தியதும் புகைதான். அதற்கு யமஹாவின் 230 வோல்ட் அடப்டரை இங்கேயே பொருத்தம் பார்த்து வாங்குங்கள்.

பொங்கலுக்கு? வாடகைக்கு எடுத்து வாசியுங்கள். அவசரத்தில் வாங்கி, காசும் போய், அத்தானின் முகத்தையும் பார்க்க முடியாமல் நிற்பதைவிட அது மலிவு. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் அக்கா சொல்லுவா.

இக்மன் கதை வேறு. அது விளம்பரப் பலகை. விளம்பரத்தை மேலே தூக்கிக் காட்டக் காசு கேட்கும், நீங்கள் இருவரும் நேரில் முடித்த வியாபாரத்தில் பங்கு கேட்காது. அதனால் உங்கள் காசுக்கு யாரும் காவலும் இல்லை. வாங்குகிறவர் வந்து, வாசித்துப் பார்த்து, காசைத் தந்து தூக்கிக்கொண்டு போகட்டும். வங்கியில் போட்டேன் என்று வட்ஸ்அப்பில் சிலிப் படம் வந்தால் அதைக் காசாக எடுக்க வேண்டாம். உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகுதான் கீபோர்ட் வாசலைத் தாண்ட வேண்டும். "கொழும்பிலிருந்து கூரியர் வரும், காசு பெற இந்த லிங்க்கில் கார்ட் இலக்கத்தைப் போடுங்கள்" என்று ஒருவர் வந்தால் மறுமொழியே எழுத வேண்டாம். காசு பெறுவதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும். ஓடிபி எவருக்கும் தேவையில்லை.

ஸ்டாண்டையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். தனியாகப் போட்டால் ஸ்டாண்ட் மட்டும் கேட்டுத்தான் நாள் முழுக்க போன் அடிக்கும்.